மாற்றுச் சிறுநீரகமும் காலில் ஒரு பூஞ்சைக் கட்டியும்: அறுவையா, மாத்திரையா, இரண்டுமா?

சிறுநீரக மாற்று முடிந்து சில வருடங்கள் ஓடியிருக்கும். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் டேக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு) எல்லாம் நேரம் தவறாமல் போகின்றன. சிறுநீரக வேலைத்திறனைக் காட்டும் கிரியாட்டினினும் நன்றாக இருக்கிறது. அப்போது கணுக்காலிலோ விரல் மூட்டுக்கு மேலோ வலியில்லாத ஒரு கட்டி வருகிறது. பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஃபியோஹைஃபோமைகோசிஸ்’ என்று வாயில் நுழையாத ஒரு பெயர். சர்ஜன் “எடுத்துவிடலாம்” என்கிறார். தோல் மருத்துவர் “ஆறு மாதம் மாத்திரை” என்கிறார். நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக மருத்துவர்) “என்னைக் கேட்காமல் எந்த மாத்திரையும் ஆரம்பிக்க வேண்டாம்” என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நோயாளியும் வீட்டாரும் குழம்பிப்போகிறார்கள். தோல் ஓ.பி.க்கு இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நிதானமாக உட்கார்ந்து சொல்ல நினைப்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் ‘கறுப்புப் பூஞ்சை’ என்று செய்திகளில் வந்தது மியூகார்மைகோசிஸ். அது சில நாட்களில் மூக்கையும் கண்ணையும் அரித்துவிடும். இது அதுவல்ல. இங்கே பூஞ்சையின் இழைகளிலேயே மெலனின் நிறமி இருப்பதால் நுண்ணோக்கியில் பழுப்பாகத் தெரியும். எக்ஸோபியாலா, ஆல்டர்னேரியா, கர்வுலேரியா, மெடிகாப்சிஸ் என்று இதில் பல இனங்கள் உண்டு. எல்லாம் மண்ணிலும் மட்கிய செடியிலும் மரக்கட்டையிலும் சாதாரணமாக வாழ்பவை. முள் குத்தும்போதோ சிராய் ஏறும்போதோ தோலுக்குள் போய்விடும். குத்தியது பெரும்பாலும் நினைவிலேயே இருக்காது. எதிர்ப்புச்சக்தி சரியாக இருந்தால் பெரும்பாலும் உடம்பே அதைச் சமாளித்துவிடும். மாற்றுச் சிறுநீரகத்தைக் காப்பதற்காக அந்தச் சக்தியை அடக்கி வைத்திருப்பவர்களிடம்தான் அதிகமாக, மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்து, சீழ் நிறைந்த ஒரு பையாகத் தோலுக்கடியில் உட்கார்ந்துவிடுகிறது.

வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் சிறுநீரக மாற்று தொடங்கியதிலிருந்து இன்றுவரை எத்தனையோ பேர் அறுவை முடிந்து ஊர் திரும்பி, பழையபடி வயலிலும் தோட்டத்திலும் வேலை பார்க்கிறார்கள். செருப்பில்லாமல் வரப்பில் நடக்கிற பழக்கமும் இந்த மாத்திரைகளும் சேர்ந்தால் இப்படி ஒரு கட்டி வருவதில் வியப்பில்லை. அரிய நோய்தான், ஆனால் நம் ஊர் சிறுநீரக மாற்று மையங்களுக்குப் புதிதல்ல.

## எதை வைத்து ஒப்பிடுவது

எந்த வழி நல்லது என்று கேட்கும் முன், நல்லது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் பார்ப்பவை இவை:

- மாற்றுச் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும்? என் கணக்கில் முதல் கேள்வி இதுதான். கட்டி போய்ச் சிறுநீரகமும் போனால் என்ன பயன்?
- கட்டி ஒன்றா, பலவா? நகர்கிறதா, அல்லது எலும்பு, மூட்டு, நரம்பு பக்கம் ஒட்டியிருக்கிறதா?
- திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு?
- மாத்திரையின் விலையை மட்டும் பார்க்காமல், ரத்தப் பரிசோதனை, பயணம், வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் என்ன செலவாகும்?
- வேறு என்னென்ன மாத்திரைகள் போகின்றன? இதயம் எப்படி இருக்கிறது? காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறாரா?

## எந்த வழிக்கும் முன்னால்: எடுத்த சதை எந்தப் பாட்டிலுக்குப் போகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே தவறினால், பிறகு எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதாகிவிடும்.

இந்தக் கட்டியைப் பார்த்தால் கொழுப்புக்கட்டி மாதிரி இருக்கும், கேங்லியன் (மூட்டருகே வரும் நீர்க்கட்டி) மாதிரியும் இருக்கும். அப்படியே நினைத்து எடுத்துவிட்டு, வழக்கம்போல முழுச் சதையையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் பதப்படுத்தும் திரவம்) போட்டு அனுப்பிவிடுவார்கள். பயாப்சியில் பூஞ்சை இழை தெரியும், ரிப்போர்ட்டும் வந்துவிடும். ஆனால் எந்த இனம் என்று தெரியாது. ஃபார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடுவதால் கல்ச்சரில் (பூஞ்சையை லேபில் வளர்த்துப் பார்ப்பது) ஒன்றும் வளராது. இனம் தெரியாவிட்டால் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் ஊகம்தான்.

அதனால் தியேட்டருக்குப் போகும் முன்பே கேட்டுவிடுங்கள்: “டாக்டர், பாதியை ஃபார்மலினிலும் பாதியை வெறும் சலைனிலும் அனுப்புவீங்களா? மைக்ரோபயாலஜிக்கும் போகணும்.” இந்த ஒரு வாக்கியம் பல மாதக் குழப்பத்தைத் தவிர்க்கும். சீழை ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. செய்தாலும் இதே கதைதான். அந்தச் சீழைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கலந்து பார்த்தால், பல நேரம் அன்றைக்கே பழுப்பு இழைகள் தெரிந்துவிடும். கல்ச்சருக்கு நான்கு வாரம் வரை பொறுமை வேண்டும். உள்ளூர் லேபில் இனம் பிடிபடாவிட்டால், சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் நோய்ப் பூஞ்சைகளுக்கான தேசியச் சேமிப்பு மையம் இருக்கிறது. அங்கே மாதிரியை அனுப்பும் வழியை மைக்ரோபயாலஜி துறையினர் அறிவார்கள்.

கேங்லியன் என்று நினைத்து ஸ்டீராய்டு ஊசி போடப் போகிறார்கள் என்றால், சிறுநீரக மாற்று செய்தவர் என்பதை உரக்கச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

## வழி 1: அறுத்து எடுப்பது மட்டும்

ஒரே கட்டி, நன்றாக நகர்கிறது, சுற்றிலும் தெளிவான சுவர் இருக்கிறது என்றால் அறுவை மிக நல்ல வழி. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போதும், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். டேக்ரோலிமஸோடு எந்த மோதலும் இல்லை. அறுவையால் மட்டுமே குணமானவர்கள் இருக்கிறார்கள், சிறுநீரக மாற்று செய்தவர்களிலும்கூட.

ஆனால் ‘எடுப்பது’ என்றால் எப்படி எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலாச்சுளையைப் பிய்க்காமல் முழுதாக எடுப்பதுபோல, சுவரோடு சேர்த்துப் பை கிழியாமல் எடுக்க வேண்டும். கீறிச் சீழை வெளியேற்றினால் சில வாரம் வற்றியிருக்கும், அப்புறம் நிரம்பிவிடும். சுவரின் ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் அங்கிருந்தே மறுபடி முளைக்கும். எடுத்த பையைத் திறந்து பார்த்தால் சில நேரம் நடுவில் முள்ளின் நுனி அப்படியே கிடக்கும். அதைப் பார்த்த பிறகுதான் “ஆமா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வேலி கட்டும்போது குத்துச்சு” என்று நினைவு வரும்.

மறைந்த செலவு புண் ஆறுவதில் இருக்கிறது. ஸ்டீராய்டும் சர்க்கரையும் சேர்ந்தால் தையல் மெதுவாகத்தான் ஆறும். எதிர்ப்புச்சக்தியை அடக்க சிரோலிமஸ் அல்லது எவரோலிமஸ் எடுப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும். கால் பெருவிரலுக்கு மேலே, மணிக்கட்டில், முழங்கால் மடிப்பில் என்றால் தழும்பு வேலையைப் பாதிக்கும். இன்னொன்று, அறுவை என்பது கண்ணுக்குத் தெரியும் கட்டியைத்தான் எடுக்கிறது. பக்கத்தில் பரவ ஆரம்பித்திருக்கும் இழைகளை அது தொடாது. எதிர்ப்புச்சக்தி நன்றாக இருப்பவருக்கு அது பெரிய கவலை இல்லை. இவர்களுக்குக் கவலைதான்.

## வழி 2: மாத்திரை மட்டும்

அறுக்க முடியாத இடத்தில் இருந்தால், பல கட்டிகள் இருந்தால், அல்லது அறுவையைத் தாங்கும் நிலை இல்லாவிட்டால் இந்த வழிதான். ‘பூஞ்சை மாத்திரை’ என்று பொதுவாகச் சொல்வது போதாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம்.

முதலில் ஒதுக்க வேண்டியது ஃப்ளூகோனசோல். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே கிடைப்பதால், ‘பூஞ்சைதானே’ என்று பலர் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இந்த நிறமிப் பூஞ்சைகளிடம் அது சரியாக வேலை செய்யாது. ஆனால் டேக்ரோலிமஸ் அளவை மட்டும் ஏற்றிவிடும். பலன் இல்லை, ஆபத்து மட்டும் மிச்சம்.

இட்ராகோனசோல். அனுபவம் அதிகம் உள்ள மருந்து இதுதான். வழக்கமாக 200 மி.கி. காலை, 200 மி.கி. இரவு. ஐந்தாறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். விலையில் அடுத்து வரும் வோரிகோனசோல், போசகோனசோல் இரண்டையும்விடக் குறைவு. ஆனால் உடம்பில் ஏறுவதில் இதற்கு அடம் அதிகம். காப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் போட வேண்டும், வயிற்றில் அமிலமும் இருக்க வேண்டும். சிறுநீரக மாற்று செய்தவர்களில் பலருக்கு ஸ்டீராய்டோடு சேர்த்து ‘கேஸ் மாத்திரை’ என்று பேன்டோப்ரசோல் போடுகிறார்களே, அது அமிலத்தைக் குறைத்து இட்ராகோனசோலை வீணாக்கிவிடும். மாதம் முழுக்க மாத்திரை போட்டும் கட்டி அப்படியே இருக்கிறதே என்று வருபவர்களின் மருந்துப் பெட்டியைப் பார்த்தால் அடிக்கடி இதுதான் காரணம். பேன்டோப்ரசோலை நீங்களே நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி வழி கேளுங்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி காப்ஸ்யூலுக்குள் இருக்கும் சிறு உருண்டைகளின் தரமும் மாறுகிறது. ஒரு பிராண்டில் ஆரம்பித்தால் அதிலேயே தொடர்வது நல்லது. ‘சூபா’ இட்ராகோனசோல் என்று ஒரு வகை உண்டு. உணவு, அமிலம் பற்றிய தொல்லை அதில் குறைவு. ஆனால் அதன் மில்லிகிராம் கணக்கு வேறு. கடைக்காரர் “இதுவும் அதுதான்” என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து பொதுவாகக் கூடாது, இதயச் சுருக்கத்தைக் குறைக்கும். கால் வீக்கமும் மூச்சு வாங்கலும் புதிதாக வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

வோரிகோனசோல். வலுவான மருந்து. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ எடுக்க வேண்டும், அதாவது இட்ராகோனசோலுக்கு நேர் எதிர். ஆளுக்கு ஆள் ரத்தத்தில் அளவு மிகவும் வேறுபடும் என்பதால் அளவைச் சோதித்தே ஆக வேண்டும். பார்வை மங்குவது, நிறங்கள் மாறித் தெரிவது, கல்லீரல் கோளாறு வரலாம். வெயிலில் தோல் கருகும். நீண்ட நாள் எடுத்தால் தோல் புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது. எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்துகளாலேயே அந்த வாய்ப்பு ஏற்கெனவே கூடுதலாக இருப்பவர்கள் இவர்கள். காலை முதல் மாலை வரை வயலில் நிற்பவருக்கு ஆறு மாதம் வோரிகோனசோல் கொடுக்க எனக்கு மனம் வராது.

போசகோனசோல். மாத்திரை வடிவில் முதல் நாள் 300 மி.கி. இரண்டு முறை, பிறகு தினம் ஒருமுறை, சாப்பாட்டோடு. உடம்பு ஓரளவு நன்றாகத் தாங்கும். சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறிப் பொட்டாசியம் இறங்கும். விலைதான் தடை. இட்ராகோனசோல் தோற்றால் அடுத்து இதைப் பார்ப்பேன்.

டெர்பினஃபின். டேக்ரோலிமஸோடு கிட்டத்தட்டச் சண்டையே போடாது, அதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் இந்த நோயில் இதை மட்டும் நம்ப முடியாது. சிறுநீரக வேலைத்திறன் பாதிக்குக் கீழே இருந்தால் தவிர்க்கவும் வேண்டும். துணை மருந்தாகச் சேர்க்க யோசிக்கலாம்.

### மாத்திரை வழியின் உண்மையான விலை: டேக்ரோ லெவல் (ரத்தத்தில் டேக்ரோலிமஸின் அளவு)

இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் மூன்றுமே, டேக்ரோலிமஸைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அடக்கிவிடும். அதே டேக்ரோலிமஸ் அளவைத் தொடர்ந்தால் சில நாட்களில் ரத்தத்தில் அது இரண்டு மூன்று மடங்காக ஏறலாம். கை நடுங்கும், தலை வலிக்கும், சர்க்கரை ஏறும், கிரியாட்டினினும் கூடும். பூஞ்சையை விரட்டப் போய்ச் சிறுநீரகத்துக்கு நஞ்சு வைத்ததாகிவிடும்.

அதனால் வோரிகோனசோலோ போசகோனசோலோ ஆரம்பிக்கும்போது டேக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பது வழக்கம். இட்ராகோனசோலுக்கும் கணிசமாகக் குறைக்க வேண்டிவரும். எவ்வளவு என்பதை நெஃப்ராலஜிஸ்ட்தான் சொல்ல வேண்டும். டேக்ரோலிமஸுக்குப் பதிலாகச் சிலர் எடுக்கும் சைக்ளோஸ்போரினுக்கும் இதே கதை. சிரோலிமஸ் எடுப்பவர்களுக்கு வோரிகோனசோலும் போசகோனசோலும் கூடவே கூடாது. அசத்தியோபிரினும் பிரெட்னிசலோனும் மட்டும் எடுக்கும் பழைய நோயாளிகளுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

ஆரம்பித்த முதல் வாரத்திலேயே லெவல் பார்க்க வேண்டும், பிறகு நிலைக்கு வரும்வரை அடிக்கடி. காலை டேக்ரோலிமஸைப் போடாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மாத்திரை போட வேண்டும். போட்டுவிட்டுக் கொடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து தெரியும். லேப் வசதி இல்லாத ஊரிலிருந்து இதற்காக நகரத்துக்கு வந்துபோகும் பஸ் செலவும் ஒருநாள் கூலியும் பல குடும்பங்களுக்கு மாத்திரை விலையைவிடக் கனமானவை. காப்பீட்டுத் திட்டம் அறுவைக்குக் கைகொடுத்தாலும் மாதாமாதம் வெளியே எடுக்கும் இந்தப் பரிசோதனைகளுக்குக் கைகொடுக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டேக்ரோலிமஸ் செலவைக் குறைக்கவென்றே சில மையங்களில் டில்டியாசெம் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுப்பார்கள். அதுவும் அதே நொதியை அடக்கும் மருந்து. அதன்மேல் இட்ராகோனசோல் ஏறினால் லெவல் இன்னும் எகிறும், இதயத்துக்கும் இரட்டைச் சுமை. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், வாந்திக்கான டோம்பெரிடோன் போன்றவையும் இந்தப் பூஞ்சை மருந்துகளோடு சேரக் கூடாத பட்டியலில் வரும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கோ நிலைமை தலைகீழ். அது பூஞ்சை மருந்தையே ரத்தத்தில் தங்கவிடாது. அவர்களுக்கு மாத்திரை மட்டும் என்ற வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடுகிறது.

## வழி 3: இரண்டும் சேர்த்து

கட்டியை முழுதாக எடுத்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் சேர்த்துச் சில மாதம் மாத்திரை. எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களுக்கு நான் சாய்வது இந்தப் பக்கம்தான். பூஞ்சையின் பெரும்பகுதி கத்தியோடு போய்விடுவதால் மாத்திரையின் வேலை குறைகிறது. மிச்சம் மீதி இழைகளை மாத்திரை பார்த்துக்கொள்ளும். பெரிய கட்டியாக இருந்தால் சில வாரம் மாத்திரை கொடுத்து, அது சுருங்கிய பிறகு எடுப்பதும் உண்டு.

குறை என்னவென்றால் இரண்டு வழிகளின் செலவும் சேர்ந்தே வருகிறது: தையலும் உண்டு, டேக்ரோ லெவலும் உண்டு. அதனால் சுவரோடு சுத்தமாக எடுத்தாகிவிட்டது, விளிம்பில் பூஞ்சை இல்லை என்று பயாப்சி சொல்கிறது, ஆனால் நோயாளியின் இதயமோ மற்ற மருந்துகளோ மாத்திரைக்கு இடம் தரவில்லை என்றால், மாத்திரை இல்லாமல் கவனித்துப் பார்ப்பதும் நியாயமான முடிவுதான்.

## வழி 4: எதிர்ப்புச்சக்தி அடக்கும் மருந்தைக் குறைப்பது

இது தனி வழி அல்ல, மற்றவற்றோடு சேர்கிற ஒன்று. பெரும்பாலும் மைகோஃபெனோலேட்டின் அளவைத்தான் முதலில் தொடுவார்கள். குறைத்தால் உடம்பு பூஞ்சையோடு போராடும், ஆனால் மாற்றுச் சிறுநீரகத்தையும் எதிர்க்கத் தொடங்கலாம் (இதுதான் நிராகரிப்பு). தோலில் ஒரே கட்டிக்காக இதைத் துணிவது தேவையில்லை. பல இடங்களில் பரவியிருந்தால் பேச வேண்டும். எப்படியானாலும் இது நெஃப்ராலஜிஸ்ட் ஒருவர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு.

## ‘அப்படியே விட்டால் என்ன?’

“வலியே இல்லீங்க டாக்டர், இது பாட்டுக்கு இருக்கட்டுமே” என்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இவர்களிடம் கட்டி ஒன்றிலிருந்து பலவாகலாம், ஆழமாகப் போகலாம், அபூர்வமாக ரத்தத்தில் ஏறிப் பரவவும் செய்யலாம். இந்தப் பூஞ்சைக் குடும்பத்தில் மூளையைத் தாக்கும் இனங்களும் உண்டு. கட்டியோடு சேர்ந்து விடாத தலைவலி, வலிப்பு, காய்ச்சல் வந்தால் இந்தக் கட்டுரையின் ஒப்பீடெல்லாம் பொருந்தாது, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை ஊசி மருந்து வரை போக வேண்டிவரலாம். பழைய வகை ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், லிபோசோமல் வகை விலை மிக அதிகம். ஒற்றைக் கட்டியாக இருக்கும்போதே முடித்துவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

## ஒரே பார்வையில்

| வழி | மாற்றுச் சிறுநீரகத்துக்கு | திரும்ப வருமா | மறைந்த செலவு | யாருக்கு நல்லது |
|---|---|---|---|---|
| அறுவை மட்டும் | ஆபத்து மிகக் குறைவு | சுவர் மிஞ்சினால் வரும் | புண் ஆறத் தாமதம், தழும்பு | ஒற்றைக் கட்டி. மாத்திரை ஒத்துவராதவர், ரிஃபாம்பிசின் எடுப்பவர் |
| மாத்திரை மட்டும் | லெவல் கவனிக்காவிட்டால் ஆபத்து அதிகம் | நடுவில் நிறுத்தினால் வரும் | லெவல் பரிசோதனை, பயணம், மற்ற மருந்துகளோடு மோதல் | அறுக்க முடியாத இடம், பல கட்டிகள் |
| இரண்டும் | கவனித்தால் சமாளிக்கலாம் | மற்ற இரண்டையும்விடக் குறைவு | இரண்டின் செலவும் | சிறுநீரக மாற்று செய்தவர்களில் பெரும்பாலோர் |
| அடக்கும் மருந்தைக் குறைத்தல் | நிராகரிப்பு ஆபத்து | தனியாக நம்ப முடியாது | கூடுதல் கண்காணிப்பு | பரவிய நோய், மற்ற வழிகளோடு சேர்த்து |

## இந்த ஒப்பீடு யாருக்குப் பொருந்தாது

எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியவர் உடம்பில், காய்ச்சலோடு நடுவில் கறுத்த வலியுள்ள புள்ளிகள் வந்தால், அது பெரும்பாலும் ரத்தத்திலிருந்து தோலுக்கு வந்தது. ஃபுசேரியம் போன்ற வேறு பூஞ்சைகள் அப்படித்தான் வரும். அங்கே அறுவையா மாத்திரையா என்று யோசிக்க நேரமில்லை, அன்றே அட்மிட் ஆக வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் மணிப்பூர் பக்கம் வாழ்ந்திருந்து, முகத்தில் நடுக்குழியோடு சிறு பருக்கள் வந்தால் டாலரோமைகோசிஸ் என்ற வேறொரு பூஞ்சை நோயை நினைக்க வேண்டும். அதற்கு மருந்து மட்டும்தான், கத்திக்கு வேலையே இல்லை.

## மாத்திரையை நிறுத்தும் நேரம்

ஆரம்பிக்கும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். நிறுத்தும்போதுதான் கோட்டை விடுவார்கள். ஐந்தாறு மாதம் இட்ராகோனசோலின் துணையில் குறைந்த அளவு டேக்ரோலிமஸே போதுமானதாக இருந்திருக்கும். பூஞ்சை மருந்தை நிறுத்தியதும் நொதி மெல்ல விழித்துக்கொள்ளும். இட்ராகோனசோல் உடம்பை விட்டுப் போக ஒன்றிரண்டு வாரமாகும், அதற்குப் பிறகு டேக்ரோ லெவல் சரசரவென்று இறங்கும். டேக்ரோலிமஸைப் பழைய அளவுக்கு ஏற்றாவிட்டால், பூஞ்சை போய்விட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் நிராகரிப்பு தொடங்கிவிடும்.

நிறுத்தும் தேதியைத் தோல் மருத்துவர் சொன்னதும், அன்றே நெஃப்ராலஜிஸ்டுக்குத் தெரியப்படுத்துங்கள். சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போவது இன்னும் நல்லது. நிறுத்திய முதல் சில வாரங்களில் லெவலையும் கிரியாட்டினினையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். தழும்பின்மேல் விரலை வைத்து அழுத்திப் பார்க்கும் பழக்கத்தை அடுத்த ஒரு வருடமாவது விடாதீர்கள். பட்டாணி அளவுக்கு எதாவது தட்டுப்பட்டால், பெரிதாகட்டும் என்று காத்திராமல் காட்டிவிடுங்கள்.